எரியும் உலைக்கு வைத்த பொட்டு

செந்தாமரைக்கு என்ன வேலை என்று வடக்குப்பட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார் ஒருவர். ஏதோ கம்பெனியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் வேலை என்பார் இன்னொருவர். கம்பெனி பஸ் ஓட்டுகிற அவள் கணவன் ராமனைக் கேட்டால், ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழு எடத்துக்காரன் சண்ட போட்டுக்காம பாத்துக்கினு கீறா" என்பான். இருப்பதிலேயே சரியான பதில் அதுதான்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் பாகத்தைச் செய்து, உடைத்துப் பார்த்து, மறுபடி செய்வார்கள். இப்போது இரும்பைத் தொடுவதற்கு முன்பே கணினிக்குள் அதைச் செய்து, வளைத்து, லட்சம் தடவை குலுக்கி, எங்கே விரிசல் விடுகிறது என்று காட்டினால்தான் ஆர்டர் கிடைக்கும். ஒரு வேலை இருபது மணி நேரம் ஓடும், சிலது நாற்பது. அதற்குப் பெரிய சர்வர்கள் வேண்டும். தனித்தனியாக வைத்துக்கொண்டால் ஒருவருடையது மூச்சு முட்டும்போது இன்னொருவருடையது சும்மா கிடந்து கரண்டு தின்னும். அதனால் ஆறு கம்பெனிகளும் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. சர்வர் அவரவர் இடத்திலேயே இருக்கும், பூட்டு சாவி அவரவரிடமே. ஆனால் எல்லாவற்றையும் கேபிளால் இணைத்து, ஒருவர் வேலை மற்றவர் சர்வரில் ஓட விடுவது. அதற்குக் 'கிரிட்' என்று பெயர் வைத்தார்கள். எந்த வேலை எந்த சர்வரில் எப்போது ஓடும் என்று முடிவு செய்வது செந்தாமரை.

முதலில் இந்த வேலைக்கு அவளை யாரும் எடுக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தான், மூன்று மாதத்தில் போய்விட்டான். அடுத்தவன் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. ஏழு இடத்துக்காரர்களின் போனை ஒருவன் எடுத்துப் பதில் சொல்வது என்ன லேசுப்பட்ட காரியமா? அப்போது பாலிடெக்னிக்கில் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் செந்தாமரை. "ஆள் கெடைக்கிற வரைக்கும் பாத்துக்கோம்மா" என்றார்கள். ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தேடுவதை அவர்கள் நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

அதற்கும் முன்னால் அவள் ஒரு போன் தொழிற்சாலையில் லைனில் நின்றவள். பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். லைனில் நிற்கிறவள் பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட இன்னொருத்தி வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். அப்படி வந்து நிற்கிறவளுக்கு ரிலீவர் என்று பெயர். போகிறவள் திருகாணியை எந்தச் சுற்றில் விட்டாளோ அந்தச் சுற்றிலிருந்து ரிலீவர் பிடித்துக்கொள்ள வேண்டும். லைன் ஒரு நொடி நிற்கக் கூடாது. மற்றவர்களுக்குத் தாங்கள் நிற்கிற ஒரு ஸ்டேஷன் தெரிந்தால் போதும், ரிலீவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். செந்தாமரைக்கு முப்பத்தொரு ஸ்டேஷனும் அத்துப்படி. தொழிற்சாலை மூடிய அன்று சூப்பர்வைசர் கைகுலுக்கியது நான்கு பேருக்குத்தான், அதில் இவள் ஒருத்தி. இதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ளட்டும், சும்மா வரவில்லையே.

கிரிட்டுக்கு அவள் கொண்டுவந்த முதல் விதியும் அந்த லைனிலிருந்துதான் வந்தது. அவள் வருவதற்கு முன், சர்வரின் சொந்தக்காரருக்குத் தன் சர்வர் வேண்டுமென்றால் ஒரு பட்டனைத் தட்டுவார், உள்ளே ஓடிக்கொண்டிருந்த அடுத்தவர் வேலை அப்படியே செத்துப்போகும். முப்பது மணி நேரம் ஓடியதெல்லாம் வீண். அதற்கு வந்த சண்டைகளைச் சொன்னால் ஒரு நாள் போதாது. செந்தாமரை பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து நான்கு மாதம் மல்லுக்கட்டி ஒரு நிரல் எழுதினாள். சொந்தக்காரர் கேட்டால் சர்வரைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் கால் மணி நேரம் கழித்து. அதற்குள் உள்ளே இருக்கும் வேலை, செய்த வரைக்கும் சேமித்துக்கொண்டு, வேறொரு சர்வருக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடரும். ரிலீவர் வராமல் யாரும் ஸ்டேஷனை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு வருஷத்தில் ஒரு வேலைகூடப் பாதியில் சாகவில்லை.

அந்தக் கால் மணி நேரம்தான் ராஜசேகருக்குப் பிடிக்கவில்லை. ராஜசேகர் கோயம்புத்தூர்க்காரர், ஒரகடத்தில் இரும்பை உருக்கி ஊற்றும் வார்ப்பாலை வைத்திருக்கிறார். கிரிட்டின் பாதி பலம் அவருடைய சர்வர்கள்தான். "என் வூட்டுக்குள்ள போறதுக்கு நானே கதவத் தட்டிட்டுக் கால் மணி நேரம் நிக்கோணுமாக்கும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார். போன மாதக் கூட்டத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டார். இவ்வளவு விதி போட்டும் ஒரே ஒரு வேலை பாதியில் நின்று யாருக்காவது ஆர்டர் போனதென்றால், அன்றைக்கே தன் கேபிளைக் கழற்றிவிடுவார். அவர் கழற்றினால் மற்றவர்களும் கழற்றுவார்கள்.  ஆறு வருஷத்தில் ஒரு வேலைகூடச் சாகாத பட்டியல் செந்தாமரை பக்கம் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது.

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அணைத்துவிடுவார்கள். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி போடுவார்கள். முந்தைய வருஷங்களில் அந்த இரண்டு நாளும் யாருக்கும் வேலை இருந்ததில்லை. சர்வர்களும் தூங்கின, செந்தாமரையும் வீட்டில் சுண்டல் செய்தாள். இந்த வருஷம் எல்லோருக்கும் ஆர்டர் குவிந்து கிடந்தது.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். பார்த்தவள் வாயில் இருந்த இட்லியை விழுங்க மறந்துபோனாள். கிரிட்டில் இருந்த பத்தொன்பது வேலைகளும் ஒரே இடத்தில் வரிசையில் நின்றன, அந்தோணிராஜின் பட்டறை சர்வரில். ஒவ்வொரு கம்பெனியும் தன் சர்வரைப் பூஜைக்கு அணைப்பதற்கு முன் செந்தாமரையைக் கேட்காமல் தன் வேலைகளை அங்கே தள்ளிவிட்டிருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அந்தோணிராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு ஏது ஆயுத பூஜை, அவர் சர்வர் ஓடும். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செந்தாமரையும்தான் கேட்கவில்லை. கலைமணியின் வேலையை முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு அங்கே அனுப்பியது அவளே.

கலைமணி வாலாஜாபாத் சாலையில் இருபத்திரண்டு பெண்களை வைத்து பிரேக் தாங்கிகள் செய்கிறவள். இதுவரை மற்றவர்கள் வரைந்து கொடுத்ததைச் செய்தாள். முதல் தடவையாகத் தானே வரைந்த தாங்கியை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறாள். அறிக்கை வெள்ளி மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த நாட்டில் விஜயதசமி கிடையாது. நாற்பது மணி நேர வேலை, அவளுடைய சின்ன சர்வர் அதைத் தாங்காது. பதினான்கு மணி நேரம் ஓடியிருந்தது. மற்ற பதினெட்டும் இரண்டு நாள் காத்திருக்கலாம், இது முடியாது.

அந்தோணிராஜுக்குப் போன் போட்டாள். பதினொரு மணிக்குப் பூஜை, பதினொன்றே காலுக்கு எல்லாம் அணைத்துவிடுவேன் என்றார் அவர், சாதாரணமாக.

"சார், உங்க கம்பெனிலயும் பூஜையா?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற. என்னாண்ட நாப்பது பேரு வேலை செய்றாங்க. நான் சர்ச்சுக்குப் போறேன்னா அவங்க பூஜை போடாம இருப்பாங்களா? இந்த ரோட்லயே நம்ப பூஜைதான் பெருசு. பொரி மட்டும் ரெண்டு மூட்டை வாங்கிக்கீறேன்."

சர்வரை மட்டும் ஓட விடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.  வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாம், தான் செய்ய முடியாது என்றார் அவர். வேறு சாமி கும்பிடுகிற முதலாளி பூஜை அன்றைக்கு மிஷினை ஓட்டினான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, பதினாறு வருஷமாக அவர் காப்பாற்றி வருவது அதைத்தான். செந்தாமரைக்குப் புரிந்தது. அதற்கு மேல் கேட்பது அநியாயம்.

ஸ்பிரிங் கம்பெனி வேல்ராஜைக் கூப்பிட்டாள். நேற்றே பூஜை போட்டுப் பூட்டியாகிவிட்டது, சாமி கும்பிட்டு மூடியதை நாளை காலைதான் திறப்பேன் என்றார். பாலிடெக்னிக் சாவி முதல்வரிடம், முதல்வர் தன் சொந்த ஊரில். மற்ற இரண்டு கம்பெனிகளிலும் வாட்ச்மேன்தான் போனை எடுத்தார். மிச்சம் இருந்தது ராஜசேகர். அவரைக் கடைசியாக வைத்திருந்தாள் என்பதை அவளே தனக்குள் ஒத்துக்கொண்டாள். கிரிட் ஒழுங்காக நடக்காது என்று சொன்ன மனிதரிடமே போய், நடக்கவில்லை, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று நிற்பதா? போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? வெளியே ராமன் பஸ்ஸின் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

முதலில் அந்தோணிராஜின் பட்டறைக்குப் போனாள். அவர் சொன்னது பொய்யில்லை, வாழை மரம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. கலைமணியின் வேலையைப் பதினொரு மணிக்கு நிறுத்தி, செய்த வரைக்கும் சேமித்து, தன் மடிக்கணினிக்கு இழுத்துக்கொண்டாள். பதினேழு மணி நேரம் ஓடியிருந்தது, இன்னும் இருபத்து மூன்று. அந்தோணிராஜ் வெள்ளை வேட்டியில் கற்பூரத் தட்டோடு வந்து, சர்வரின் சுவிட்சை அவள் கண் முன்னாலேயே அணைத்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பொரிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். கணக்குப் பார்த்தாள். அறிக்கை எழுத நேரம் ஒதுக்கினால், மதியம் ஒரு மணிக்குள் வேறு சர்வரில் இந்த வேலை தொடங்கியாக வேண்டும். இருபத்திரண்டு பெண்களின் முதல் ஆர்டரையும் ஆறு வருஷ கிரிட்டையும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரகடம் சாலையில் ஏறினாள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை ஊர்ந்து போக விட்டாள்.

வார்ப்பாலையில் பூஜை தொடங்கப் போகிற நேரம். மணல் அச்சு மிஷின், கடைசல் மிஷின், கிரேன் எல்லாம் மாலை போட்டு அமைதியாக இருந்தன. ராஜசேகர் தட்டோடு நின்றிருந்தார்.

"வாங்க அம்மணி. பொரி வாங்க வந்தீங்களா, பிரச்சினையக் கொண்டாந்தீங்களா?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பது வேலையும் ஒரே வாசலில் போய் நின்றதை, அந்த வாசலும் மூடியதை, கலைமணிக்கு இருக்கிற நேரத்தை. பழியை ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

"தப்பு என்னுது சார். யாரு எப்போ அணைப்பீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அந்தோணிராஜ் சார் கம்பெனி ஓடும்னு நானும் நெனச்சிட்டேன்."

ராஜசேகர் தட்டைப் பார்த்தார். அவருடைய இரண்டு வேலையும் அங்கேதான் கிடக்கிறது, அவரும் அதையேதான் நினைத்தார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஆனால் சர்வருக்குக் காலையிலேயே பொட்டு வைத்து அணைத்தாகிவிட்டது, நாளைக்குத்தான் போட முடியும் என்றார். கூட்டத்தில் தான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அவள் கிளம்பத்தான் திரும்பினாள். அப்போது கூடத்தின் கோடியில் உலையைப் பார்த்தாள். மற்றதெல்லாம் அணைந்திருக்க, அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உலைக்காரர் மாரி, முகத்தில் கறுப்புக் கண்ணாடியும் கையில் நீளமான கம்பியுமாக நின்றார். கம்பி நுனியில் சந்தனத்தைக் குழைத்து, எட்ட நின்றபடியே, கொதிக்கிற உலையின் வெளித்தகட்டில் மூன்று பொட்டு வைத்தார். சந்தனம் பட்டதும் காய்ந்து வெளுத்தது. அதன் மேல் குங்குமம். சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள்.

"உலைய அணைக்கலையா சார்?"

"அத எப்படீங்க அணைக்கிறது? உள்ள ரெண்டு டன் இரும்பு உருகிக் கெடக்குது. வுட்டா உறைஞ்சு போயிரும், அப்புறம் உலையே போச்சு. வருசா வருசம் எரியறப்பவே பொட்டு வெக்கிறதுதான்."

செந்தாமரை ஸ்கூட்டி சாவியைப் பைக்குள் போட்டாள். மடிக்கணினிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு சாமி கோச்சுக்கலையே சார். இதுவும் பதினேழு மணி நேரம் உருகிக் கெடக்குது. இப்போ வுட்டா உறைஞ்சிடும்."

ராஜசேகர் உலையைப் பார்த்தார், பிறகு அவள் கையில் இருந்த பையைப் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற மாரி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாதது போல, நல்ல நேரம் ஒன்றரை வரைக்கும் இருக்கிறது என்றார். ராஜசேகர் தட்டை மாரியிடம் கொடுத்துவிட்டு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினார்.

சர்வர் அறையில் ஊதுபத்தி வாசனை இன்னும் போகவில்லை. பொட்டு வைத்த சர்வருக்கு முன்னால் அவர் ஒரு தடவை கைகூப்பினார், பிறகு சுவிட்சைப் போட்டார். விசிறிகள் இரைந்தன. செந்தாமரை மடிக்கணினியை இணைத்தாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் திரையில் எண் வந்தது. பூஜ்யத்திலிருந்து இல்லை, பதினேழு மணி நேரத்திலிருந்து. விட்ட சுற்றிலிருந்து பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. முப்பத்தொரு ஸ்டேஷன் தெரிந்தவள் எழுதிய நிரல், பெருமைப்படாமல் என்ன செய்வாள்?

வெள்ளி காலை பதினொன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. தாங்கி விரிசல் விடவில்லை. கலைமணி மற்ற பக்கங்களையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு அந்த ஒரு படத்துக்காகக் காத்திருந்தாள், ஒன்றரைக்கே அறிக்கை போய்விட்டது. போனில் அழுதாளா சிரித்தாளா என்று செந்தாமரைக்குச் சரியாகத் தெரியவில்லை, பின்னால் இருபத்திரண்டு பெண்களும் போட்ட சத்தம் அப்படி.

அதைக் கேட்கும்போது செந்தாமரை வார்ப்பாலையின் ஒரு மூலை மேஜையில்தான் இருந்தாள். விஜயதசமிப் பூஜை முடிந்து ஒவ்வொரு சர்வராக விழித்துக்கொண்டிருந்தது, காத்திருந்த பதினெட்டு வேலைகளையும் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள். பூஜை, திருவிழா, மிஷின் கழுவுகிற நாள், யார் எப்போது அணைப்பார்கள் என்று ஏழு பேரும் ஒரு வாரம் முன்பே எழுத வேண்டும். அந்தோணிராஜ் கிறிஸ்துமஸையும் ஆயுத பூஜையையும் சேர்த்தே எழுதி அனுப்பிவிட்டார். ராஜசேகர் அடுத்த வருஷப் பூஜைக்கு எதிரில், அணைப்பதில்லை என்று எழுதியிருந்தார். கேபிளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அவர் தட்டோடு அந்தப் பக்கம் வந்தார். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றார்.

"உங்க மிஷினுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று காலையிலிருந்து ஊரிலுள்ள மிஷின் அத்தனைக்கும் பூஜை நடந்ததைப் பார்த்தாள், தன்னுடையதை மறந்தே போனாள். வெட்கத்தோடு பட்டியலை நிறுத்திவிட்டு மடிக்கணினியை மூடக் கை வைத்தாள்.

ராஜசேகர் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

"மூடாதீங்க அம்மணி. ஓடட்டும்."